சேனாதிபதியை அளக்கும் கோல்

வெற்றி பெற்றவனே சிறந்த சேனாதிபதி என்று தீர்ப்பளிப்பது எளிது. ஆனால் அது நியாயமாகாது. ஆலங்குளத்துக்கு வடக்கே, நெற்கட்டும்செவலிலும் வாசுதேவநல்லூரிலும் நிகழ்ந்த யுத்தங்களைச் சிறிது ஆராய்வோமாக.

1755-ல் கர்னல் ஹெரான், மதிலைத் தகர்க்கத்தக்க பீரங்கிகளின்றிப் பூலித்தேவரின் கோட்டை முன் வந்து வெறுங்கையுடன் திரும்பினார். எதிரியின் மண்கோட்டையை இலேசாக மதித்ததே அவர் பிழை. கும்பினியின் தளகர்த்தரான யூசுப்கானோ, களக்காட்டை அளிப்பதாகக் கூறிப் பூலித்தேவரின் நேசரான திருவிதாங்கூரைத் தம் பக்கம் திருப்பினார். வாசுதேவநல்லூரில் ஒருமுறை முறியடிக்கப்பட்டும் சலியாது மீண்டும் முற்றுகையிட்டு, 1761-ல் அக்கோட்டைகளைக் கைப்பற்றினார்.

ஆறாண்டுகள் எதிர்த்து நின்ற பூலித்தேவரிடம் வீரத்துக்கோ யுக்திக்கோ குறைவில்லை. நேசர் நிலைக்கவில்லை, மேற்குப் பாளையங்களும் கிழக்குப் பாளையங்களும் ஒன்றுபடவில்லை. பின்னர் கும்பினியையே எதிர்த்து மதுரைக் கோட்டையைத் தீரத்துடன் காத்த யூசுப்கானும், உடனிருந்தோரால் காட்டிக்கொடுக்கப்பட்டு 1764-ல் தூக்கிலிடப்பட்டார்.

ஆதலின், ரணகளத்தில் காட்டும் தீரத்தோடு, தோல்வியினின்று கற்கும் பொறுமையையும், துணைவரைப் பிரியாது காக்கும் திறனையும் சேர்த்தே சேனாதிபதியை மதிப்பிடல் வேண்டும். பூலித்தேவரைத் தோற்றவர் என்று ஒரு வரியில் ஒதுக்குவோர், அவர் தோல்வி புகட்டும் பாடத்தையும் இழந்தவராவர்.