பந்தயக் குதிரையில் பங்கு வாங்கலாமா? கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

கேஎல்சிசி பூங்காவில் இன்று பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின. 1896-இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல் ஜாலான் அம்பாங்கில்தான் இருந்தது. பிறகு கிளப் சுங்கை பீசிக்கு இடம் மாறியது. பழைய திடலில் இரட்டைக் கோபுரம் எழுந்தது.

பந்தயம் பார்க்கப் போன நம்மவர்கள் பலர். லாயத்தில் குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்து வளர்த்த நம்மவர்களும் உண்டு. சொந்தமாகக் குதிரை வைத்திருப்பதோ பணக்காரர்களின் விஷயம் என்றே நினைத்திருந்தோம். ஆனால், “பத்துப் பேர் சேர்ந்து ஒரு குதிரை வாங்குவோம், நீங்களும் ஒரு பங்கு போடுங்கள்” என்று நண்பர் ஒருவர் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குதிரை மேல் பணம் கட்டுவது வேறு. குதிரைக்குச் சொந்தக்காரர் ஆவது வேறு. பணம் கட்டியவரின் நஷ்டம் அந்த ஓட்டத்தோடு முடிந்துவிடும். சொந்தக்காரரின் செலவு, குதிரை ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதா மாதம் தொடரும்.

நம் நாட்டில் ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வருபவை. வாங்கும் விலையோடு விமானச் செலவும் சேரும். வந்து இறங்கியதும் பயிற்சியாளர் கட்டணம், தீவனம், லாயம், லாடம், கால்நடை மருத்துவர் என்று பட்டியல் நீளும்.

ஒரு கணக்குக்காக மாதச் செலவு 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36,000. பத்துப் பங்காளிகள் என்றால் ஆளுக்கு 3,600 வெள்ளி. குதிரை ஒரு பந்தயத்தில் வென்று 20,000 வெள்ளி பரிசு கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் உள்ளதுபோல் பயிற்சியாளருக்கு 10 விழுக்காடு, ஜாக்கிக்கு 5 விழுக்காடு போனால் மிச்சம் 17,000. ஆளுக்கு 1,700 வெள்ளி. ஒரு வெற்றி வந்தும் அரை ஆண்டுச் செலவுகூடத் தேறவில்லை. குதிரை வாங்கிய பணத்தை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை.

இதற்கிடையில் கால் நரம்பு வீங்கினால் பல மாதம் ஓய்வு. நுரையீரலில் இரத்தம் கசிவது, வயிற்று வலி என்று பந்தயக் குதிரைக்கு வரும் நோய்களும் பல. அப்போது வரவு நின்றுவிடும், செலவு நிற்காது.

அப்படியென்றால் யாருக்குமே லாபம் வருவதில்லையா? வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜோ ஜானியாக் என்ற டாக்சி ஓட்டுநர், உடல் குறைபாட்டால் பிறர் ஒதுக்கிய ஒரு குதிரையைச் சுமார் 1,250 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கினார். அதன் பெயர் டேக்கோவர் டார்கெட். 2006-இல் இங்கிலாந்தின் அஸ்காட்டிலும் ஜப்பானிலும், 2008-இல் சிங்கப்பூரிலும் அது வென்றது. மொத்தப் பரிசு 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தக் குதிரைக்குப் பயிற்சியளித்தவரும் ஜானியாக்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2006-இல் அமெரிக்காவில் தி கிரீன் மங்கி என்ற குதிரை 1 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. ஓடியது மூன்றே பந்தயம். ஒன்றிலும் வெற்றி இல்லை. நல்ல வம்சம், நல்ல உடற்கட்டு, வேகம் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினார்கள். அப்படியும் ஏமாற்றமே மிஞ்சியது.

தமிழர்களில் பெரிய பெயர் செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி (1931–2015). இந்தியாவின் பெரிய பந்தயங்களில் அவருடைய குதிரைகள் நூற்றுக்கணக்கான வெற்றிகளைப் பெற்றன. ஆனால் அவர் பிறந்ததே பெரும் தொழில் குடும்பத்தில். பந்தயத்தில் பணக்காரர் ஆனவர் அல்ல. பணம் இருந்ததால் பந்தயத்தில் நிலைத்தவர்.

உரிமையாளரின் கையில் இல்லாத இன்னொன்று நிலம். 2024 செப்டம்பரில் சென்னை கிண்டி பந்தயத் திடலைத் தமிழ்நாடு அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் 5-ஆம் தேதி சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் நடந்தது. 180 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு அன்றோடு முடிந்தது. அங்கே குதிரை வைத்திருந்தவர்கள் அவற்றை வேறு நாட்டுக்கு அனுப்புவதா, விற்பதா, ஓய்வு கொடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ஜாலான் அம்பாங்கைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

கடைசியாக, பலரும் கேட்கத் தவறும் கேள்வி. குதிரை ஓடுவது சில ஆண்டுகள்தான். வாழ்வதோ 25 ஆண்டு வரை. காயடித்த குதிரையை இனப்பெருக்கத்துக்கும் விட முடியாது. ஓட்டம் முடிந்த பிறகு அதற்கு யார் தீவனம் போடுவது?

எனவே பங்கு போடும் முன் நான்கு விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குதிரை யார் பெயரில் பதிவாகிறது? மாதச் செலவுக்கு மேல் வரும் மருத்துவச் செலவை யார் கொடுப்பது? ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கு என்ன ஆகும்? ஓய்வுக்குப் பின் குதிரை எங்கே போகும்?

பதில் தெளிவாக இருந்து, போட்ட பணம் திரும்பாவிட்டாலும் வீட்டுச் செலவு பாதிக்காது என்றால் தாராளமாகச் சேருங்கள். நம் குதிரை முன்னால் வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்கு விலை இல்லைதான். ஆனால் பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணத்தையும் இபிஎஃப் பணத்தையும் எடுத்து அந்த மகிழ்ச்சியை வாங்க வேண்டாம்.