பிழை யாருடையது?

(தொடர் – 9)

நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. சி++ மொழியில் எழுதுபவருக்கு அப்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அசெர்ட். ‘இந்த இடத்தில் இது உண்மையாகவே இருக்கும்’ என்று எழுதிவைக்கிறோம். பொய்த்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். மற்றது எக்ஸெப்ஷன். ‘என்னால் முடியவில்லை, நீ பார்த்துக்கொள்’ என்று அழைத்தவரிடமே பொறுப்பைத் திருப்பி அனுப்புகிறோம்.

எதை எங்கே வைப்பது? பிழை யாருடையது என்று முதலில் கேளுங்கள். கோப்பைக் காணோம், வட்டு நிரம்பிவிட்டது, இணைப்பு அறுந்தது என்றால் நிரலாளர் மேல் குற்றமில்லை, அதற்கு எக்ஸெப்ஷன். பத்து இடமுள்ள வரிசையில் பதினொன்றாவதைத் தொடுவது நிரலாளரின் பிழை. இதற்கும் எக்ஸெப்ஷன் வீசினால், மேலே எங்கோ எக்ஸெப்ஷனைப் பிடிக்கக் காத்திருக்கும் ஒரு கேட்ச் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எது எதை அழைத்தது என்று காட்டும் ஸ்டாக் அதற்குள் கலைந்திருக்கும், தடயமும் போயிருக்கும். கெட்டுப்போன தரவோடு நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். அசெர்ட்டில் நின்றால், எந்த வரியில் விழுந்தது என்றாவது தெரியும்.

ஆனால் நிற்பது எப்போதும் சரியா? 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்ற அது, சுமார் 40 விநாடிகளில் சிதறியது. திசையும் வேகமும் சொல்லும் கணினி, ஏரியான் 4-லிருந்து வந்த, ஏடா மொழியில் எழுதிய நிரலில் ஓடியது. அதில் ஒரு 64-பிட் மிதவைப்புள்ளி எண்ணை 16-பிட் முழு எண்ணாக மாற்ற வேண்டும். 32,767-ஐத் தாண்டினால் அது கொள்ளாது. இத்தகைய ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டுமே காப்பு இருந்தது. செயலியின் சுமை 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் மற்ற மூன்றையும் விட்டுவிட்டார்கள். அவை வரம்பை மீறாது என்று நம்பினார்கள். ஏரியான் 4-க்கு அது உண்மை. புதிய ராக்கெட்டின் பாதை வேறு. அந்த நம்பிக்கையை நிரலுக்குள் யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் அதுதான் அசெர்ட். கணினி அறிஞர்களான ஜெசெக்கேலும் பெர்ட்ராண்ட் மேயரும் 1997-இல் இதைத்தான் வாதிட்டார்கள்.

காப்பில்லாத ஒரு மாறி வரம்பைத் தாண்டியது, எக்ஸெப்ஷன் எழுந்தது. எந்த எக்ஸெப்ஷன் வந்தாலும் கணினி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. வன்பொருள் பழுதானால் மாற்றுக் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம். மாற்றுக் கணினியிலும் அதே நிரல்தான். அது 72 மில்லிவிநாடிக்கு முன்பே நின்றுபோயிருந்தது. நின்ற கணினி அனுப்பிய பிழைக்குறிப்பைப் பறப்புத் தரவாக எடுத்துக்கொண்டு, ராக்கெட் தன் முனைக்குழல்களை முழுக்கத் திருப்பியது. வேதனை என்னவென்றால், பிழை வந்த அந்தக் கணக்குக்குப் புறப்பட்ட பிறகு ஏரியான் 5-இல் வேலையே இல்லை.

எந்த உணரியும் தன்னால் இயன்ற தரவை அனுப்புவதை நிறுத்தக் கூடாது என்று லயன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு பரிந்துரைத்தது. ஆகவே, நிறுத்தும் முன் உங்கள் இடத்தில் யார் தொடர்வார் என்று பாருங்கள். உங்கள் பிழையே அவரிடமும் இருந்தால் அவர் மாற்று அல்ல. இன்னொன்று: தேவையான வேலை எதையும் அசெர்ட்டுக்குள் வைக்காதீர்கள். வெளியீட்டுப் பதிப்பில் அசெர்ட்டை அணைத்தால், அந்த வேலையும் சேர்ந்தே மறைந்துவிடும்.