விமானியும் வெள்ளெழுத்தும்

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடைபெற்ற பழைய மாணவர் கூட்டத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. அழைப்பிதழின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த நிகழ்ச்சி நிரலைப் படிக்க, நம்மருகே அமர்ந்திருந்த பழைய மாணவர் ஒருவர் கையை முழுவதும் நீட்டினார். நாமும் அவ்வாறே நீட்டிக்கொண்டிருந்தோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். "வெள்ளெழுத்து உமக்கும் வந்துவிட்டதா?" என்று கேட்டோம். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயா, இதை வெளியே சொல்லிவிடாதீர்கள். நான் விமானம் ஓட்டுகிறவன்" என்றார்.

நமக்கு வெள்ளெழுத்து வந்தால் கடைவீதியில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் போய்விடுகிறோம். அவருக்கோ பிழைப்பே போய்விடுமோ என்னும் அச்சம். ஈராண்டுகளாக விளக்கைக் கூட்டி வைத்தும், வரைபடத்தைத் தள்ளிப் பிடித்தும், சட்டைப்பையில் ஆயத்தக் கண்ணாடி ஒன்றை ஒளித்து வைத்தும் காலம் தள்ளி வந்திருக்கிறார். அந்த அச்சம் தேவையற்றது. அவர் வாங்கி வைத்திருந்த கண்ணாடியோ தவறானது. இவ்விரண்டையும் விளக்குதற்கே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் சொல்லைக் காண்போம். கறுப்பு மையில் அச்சிட்ட எழுத்து மங்கி வெளுத்துத் தோன்றுவதால் இக்குறைக்கு வெள்ளெழுத்து என்று நம்மவர் பெயரிட்டனர். சாளேசுரம் என்றும் வழங்குவதுண்டு. நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்னும் உருதுச் சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவர். பொருத்தமான தொடர்புதான். நாற்பதையொட்டித் தலைகாட்டும் குறை அது. நோயன்று, நரையைப் போல யாவர்க்கும் வருவது.

கண்ணினுள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வுடையது. தொலைவில் உள்ளதைக் காணும்போது அது தட்டையாகவும், அண்மையில் உள்ளதைக் காணும்போது அதனைச் சூழ்ந்த தசை சுருங்குதலால் புடைத்தும் நிற்கும். இவ்வாறு தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் திறன் பிள்ளைப் பருவத்தில் மிகுதி. பத்து வயதுச் சிறுவன் மூக்கருகே வைத்த எழுத்தையும் படித்துவிடுவான். ஆண்டுகள் செல்லச் செல்ல வில்லை இறுகுகிறது. தசை இழுத்தாலும் அது புடைப்பதில்லை. அறுபதை எட்டும்போது அத்திறன் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. பொருளிலிருந்து வரும் ஒளியே பார்வைக்குக் காரணம் என்பதைப் பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவிலிருந்து 'கிதாபுல் மனாழிர்' எழுதிய இப்னு ஹைதம் நிலைநாட்டினார். அந்நூலுக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னரே இத்தாலியில் மூக்குக்கண்ணாடி தோன்றியது. அம்முதற் கண்ணாடிகள் வெள்ளெழுத்துக்கு உதவும் குவிவில்லைகளே என்பது குறிப்பிடத்தக்கது.

இனி விமானியின் இருக்கைக்குச் செல்வோம். நூலகத்தில் படிப்பவருக்கு ஒரே தொலைவுதான் வேண்டும். விமானிக்கு வேண்டுவன நான்கு. முன்கண்ணாடிக்கு அப்பால் ஓடுபாதையும் பிற விமானங்களும். அது முடிவிலாத் தொலைவு. அதற்குக் கீழே கருவிப் பலகை. அது கண்ணிலிருந்து ஏறத்தாழ 70 முதல் 80 செ.மீ. மடியிலோ பக்கத்திலோ வரைபடம் அல்லது கைக்கணினி. அது 40 செ.மீ. அளவில். பெரிய விமானங்களில் இவற்றோடு தலைக்கு மேலே ஒரு சுவிட்சுப் பலகையும் உண்டு. நம் கண்ணாடிகள் யாவும் அண்மைப் பார்வையைக் கீழே வைத்திருக்க, இவருக்கோ அண்மைப் பொருள் ஒன்று உச்சியில் தொங்குகிறது! இந்நான்கினிடையே பார்வை ஓயாது தாவவேண்டும். தரையிறங்கும் விமானம் மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் வருவதாகக் கொண்டால் நொடிக்கு 66 மீட்டருக்கு மேல் கடக்கிறது. கண்ணாடியைக் கழற்றி மாட்ட இரண்டு நொடி ஆனால், 130 மீட்டர் தெளிவற்ற பார்வையில் கழிந்தது என்று பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது? அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, வணிக விமானிக்குத் தொலைப்பார்வை ஒவ்வொரு கண்ணுக்கும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 இருத்தல் வேண்டும். அண்மையில், 30 முதல் 50 செ.மீ.க்குள் தாம் விரும்பும் தொலைவில் என்-5 என்னும் பொடி எழுத்தையும், ஒரு மீட்டரில் என்-14 எழுத்தையும் படித்தல் வேண்டும். இவற்றைக் கண்ணாடி அணிந்தும் நிறைவேற்றலாம். நம் நண்பர் அறியாதது இதுவே. கண்ணாடி தேவைப்படுவதால் உரிமம் போவதில்லை. கண்ணாடியோடு பறக்கவேண்டும் என்னும் நிபந்தனை மட்டுமே சேர்கிறது. ஆனால் தொலைவுக்கும் அண்மைக்கும் ஒரே கண்ணாடி போதுமானது என்று காட்டவேண்டும். மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். அமெரிக்க விதி, ஐம்பது வயதைக் கடந்த முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு விமானிகளுக்கு 32 அங்குலத்தில், அதாவது ஏறத்தாழ 81 செ.மீ.யில், தனிச் சோதனை வைக்கிறது. அது கருவிப் பலகையின் தொலைவு. 2006 முதல், இருவர் ஓட்டும் வணிக விமானங்களில் 65 வயது வரை பணியாற்ற அனைத்துலக விதி இடந்தருகிறது. ஆகவே ஒரு விமானி தம் பணிக்காலத்தின் பிற்பாதி முழுவதையும் வெள்ளெழுத்தோடு கழிக்க நேர்கிறது.

நண்பர் ஒளித்து வைத்திருந்தது, வில்லை முழுவதும் +2.00 பவர் கொண்ட ஆயத்தக் கண்ணாடி. +2.00 என்றால் ஓய்ந்த கண்ணுக்கு அரை மீட்டரில் தெளிவு. அதற்கு அப்பால் யாவும் கலங்கும். வரைபடம் படித்த கையோடு நிமிர்ந்தால் ஓடுபாதை பஞ்சுப்பொதிபோல் தோன்றும். இதனாலேயே, முழு வில்லையும் படிப்புக்கான பவராக இருக்கும் கண்ணாடியை விமானிக்கு ஏற்பதில்லை. தொலைப்பார்வை குறையற்றவர் அரைநிலாக் கண்ணாடி அணிந்து மேல்விளிம்பின் வழியே வெளியே பார்க்கலாம். எளிய வழி அது. ஆயினும் மூக்கின் நுனியில் நழுவுவதும், கருவிப் பலகைக்கு எந்நிலையில் பார்ப்பது என்னும் தடுமாற்றமும் அதற்கு உண்டு.

அடுத்தது பைஃபோகல் என்னும் இருகுவியக் கண்ணாடி. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784ஆம் ஆண்டு எழுதிய கடிதம் ஒன்றில் இதனைக் குறித்து மகிழ்ந்து கூறியுள்ளார். நாற்பத்தைந்தை ஒட்டிய விமானிக்கு இது பெரும்பாலும் போதும். கூட்டவேண்டிய பவர் அப்போது +1.00 அளவில்தான், கருவிப் பலகையின் தொலைவை மிச்சமிருக்கும் இயற்கைத் திறன் சமாளித்துக்கொள்ளும். இடர் பின்னர் வருகிறது. கணக்கு எளிது. 40 செ.மீ.க்கு வேண்டுவது 2.50 டையாப்டர்; 80 செ.மீ.க்கு 1.25. அறுபதை நெருங்கியவருக்குக் கீழ்ப்பகுதியில் +2.50 கொடுத்தால் வரைபடம் துலங்கும். மேற்பகுதியில் வானம் துலங்கும். இடைப்பட்ட கருவிப் பலகையோ மேலே பார்த்தாலும் கலங்கும், கீழே பார்த்தாலும் கலங்கும். விமானத்தின் உயரமும் வேகமும் காட்டும் கருவிகள் அங்கேதான் உள்ளன! இந்த இடைவெளியை அடைப்பது டிரைஃபோகல் என்னும் முக்குவியக் கண்ணாடி. அதன் நடுப்பட்டை வழக்கமாகக் கீழ்ப்பவரில் பாதியாக அமையும். 2.50இல் பாதி 1.25, கருவிப் பலகையின் தொலைவும் அதுவே. இப்பொருத்தத்தைக் கண்டு நாம் வியந்தோம்.

1959இல் பிரான்சில் பெர்னார் மெத்னாஸ் உருவாக்கிய வேரிலக்ஸ் முதலாகப் புரோகிரசிவ் வில்லைகள் பரவின. கோடின்றி மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியே கூடுவது இதன் சிறப்பு. கருவிப் பலகைக்கும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. எனினும் பக்கவாட்டில் உருவம் நெளியும்; தெளிவான வழி குறுகியது; கண்ணைத் திருப்பினால் போதாது, தலையைத் திருப்பவேண்டும். இதில் பழகியவர் தாராளமாகப் பறக்கின்றனர். ஆனால் கடையில் வாங்கிய மறுநாளே அணிந்து பறக்கலாகாது. சில வாரம் தரையில் பழகவேண்டும்.

தலைக்கு மேலுள்ள பலகைக்கு என்ன செய்வது? வில்லையின் உச்சியிலும் ஒரு சிறு அண்மைப் பகுதி வைத்த இரட்டைத் துண்டுக் கண்ணாடி உண்டு. மின்பணியாளர் போன்று அண்ணாந்து வேலை செய்வோர்க்கும் அது உதவுகிறது. இது வீண் ஆடம்பரமன்று. கீழ்ப்பகுதியின் வழியே மேற்பலகையைக் காண முயல்பவர் தலையைப் பின்னுக்கு வெகுவாகச் சாய்க்கவேண்டும். விமானம் திரும்பிக்கொண்டிருக்கும்போது அவ்வாறு தலையைச் சாய்த்தால் உட்செவியின் சமநிலை உறுப்பு குழம்பி, விமானம் உருளுவது போன்ற மயக்கம் தோன்றக்கூடும். மேகத்தினுள் அது கேடு விளைக்கும்.

காண்டாக்ட் லென்ஸ் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஒரு கண்ணுக்குத் தொலைவு, மறு கண்ணுக்கு அண்மை என்று பிரித்துப் பொருத்தும் முறைக்கு மோனோவிஷன் என்று பெயர். தரையில் பலர் அதனால் நலமாயிருக்கின்றனர். 1996 அக்டோபர் 19 மாலை, அட்லாண்டாவிலிருந்து நியூயார்க்கின் லகார்டியா நிலையத்துக்கு டெல்டா நிறுவனத்தின் எம்.டி.-88 விமானம் ஒன்று 58 பயணிகளோடும் 5 பணியாளரோடும் வந்தது. மழை, மங்கிய ஒளி, கீழே நீர்ப்பரப்பு. விமானம் மிகத் தாழ்ந்து வந்து, வழிகாட்டு விளக்குகளின் கட்டமைப்பில் மோதி, ஓடுபாதை மேடையின் விளிம்பில் இடித்து, அடிவயிறு தரையில் உரச வழுக்கிச் சென்று நின்றது. இறையருளால் உயிரிழப்பு இல்லை. மூவர் சிறு காயமுற்றனர். ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தலைமை விமானி அணிந்திருந்த மோனோவிஷன் லென்சுகளால், ஓடுபாதைக்கும் விமானத்துக்கும் இருந்த நிலைத்தொடர்பைத் தவறாக உணர்ந்ததை அவரால் திருத்திக்கொள்ள இயலவில்லை என்று முடிவு கூறியது. ஆழத்தை உணர இரு கண்ணும் ஒத்துழைக்கவேண்டும். வீடும் மரமும் உள்ள நிலப்பரப்பில் பிற அடையாளங்கள் கைகொடுக்கும். நீரின் மேல் அவையும் இல்லை.

அந்த லென்ஸ் வானில் பயன்படுத்த அனுமதிக்கப்படாத ஒன்று. விமானிகளுக்கும், மருத்துவர்க்கும், கண்ணாடி பொருத்துநர்க்கும் இதுபற்றிப் போதிய வழிகாட்டுதல் இல்லாமையும் ஒரு காரணம் என்று வாரியம் சேர்த்துரைத்தது. ஆகவே கண் பரிசோதகரிடம் அமர்ந்ததும் விமானி முதலில் சொல்லவேண்டியது தம் தொழிலை. மறைத்தால் பரிசோதகர் ஒரு கணக்கரின் கண்ணுக்குரிய கண்ணாடியையே எழுதித் தருவார்; பிழை அவருடையதன்று.

இரவைப் பற்றியும் ஒரு சொல். இருளில் கண்மணி விரிவதால் தெளிவின் ஆழம் குறையும். பகலில் கண்ணாடியின்றிச் சமாளித்தவரும் இரவில் திணறுவார். பழைய முறைச் செவ்விளக்கு ஒளியிலோ இன்னும் தொல்லை. செந்நிற ஒளியைக் குவிக்கக் கண் கூடுதலாக உழைக்கவேண்டும். வெள்ளெழுத்துக்காரரிடம் இல்லாதது அந்த உழைப்புத்தான்.

வெயிற்கண்ணாடி தனியே வாங்குவோர் அதிலும் தம் பவரை வைத்துக்கொள்ளவேண்டும். சாம்பல் நிறம் ஏற்றது. வண்ணங்களை அது திரிப்பதில்லை. போலரைஸ்டு வில்லை கூடாது: திரவப் படிகத் திரைகள் சில கோணங்களில் கறுத்துப்போகும், அடுக்குக் கண்ணாடியாலான முன்சாளரத்தில் வண்ணப்பட்டைகள் தோன்றும், பிற விமானத்தின் மேனியில் பளிச்சிடும் ஒளியும் மறையும். வெயிலில் தானே கறுக்கும் வில்லையும் பெரும்பயன் தராது. அதற்குப் புறஊதாக் கதிர் வேண்டும், விமானத்தின் முன்சாளரமோ அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. சட்டகத்தின் காம்பு மெல்லியதாக இருக்கட்டும். தடித்த காம்பு ஹெட்செட்டின் பஞ்சணையைத் தூக்கி இரைச்சலை உள்ளே விடும்; சில மணி நேரத்தில் பொட்டும் வலிக்கும்.

இவ்வளவும் சொல்லி, நண்பரிடம் நாம் வேண்டியது ஒன்றே: விமானம் நின்றிருக்கும்போது, தம் இருக்கையில் வழக்கம்போல் அமர்ந்து, கண்ணிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை செ.மீ. என்று அளந்துவரவேண்டும். சென்ற மாதம் மடல் எழுதியிருந்தார். துணைவியாரின் தையல் நாடாவைக் கொண்டுபோய் அளந்தாராம். வரைபடம் 38, கருவிப் பலகை 74, மேற்பலகை 55. பிரிகோடு கருவிப் பலகையின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே வரும்படி குறித்துக்கொண்டு போய், இந்த எண்களைப் பரிசோதகரிடம் நீட்டியபோது, இப்படி ஒருவரும் வந்ததில்லை என்றாராம் அவர். மருத்துவச் சோதனையிலும் தேறிவிட்டார். உரிமத்தில் ஒரு வரி கூடியதோடு சரி. மாற்றுக் கண்ணாடி பறக்கும் பையின் வெளியறையில் இருக்கிறது. முக்குவியக் கண்ணாடி என்று நாம் எழுதியனுப்பிய சொல்லைக் கடையில் சொல்லிப் பார்த்தாராம். எவருக்கும் விளங்காமல், கடைசியில் டிரைஃபோகல் என்றே கேட்டு வாங்கி வந்தாராம்.