மேட்டுப்பாத்திக்கு அடியில் ஜல்லி எதற்கு?

வீட்டில் மேட்டுப்பாத்தி கட்டுபவர்கள் பலர், தண்ணீர் வடியட்டும் என்று அடியில் அரை அடிக்கு ஜல்லி கொட்டுகிறார்கள். காசும் வீண், நோக்கமும் நிறைவேறாது. மண்ணின் நுண்துளைகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுவை இல்லை. ஆகவே மண்ணின் அடிப்பகுதி ஊறி நிறையும்வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. சொதசொதப்பு அப்படியே இருக்கும். வேருக்கு அரை அடி நெருங்கிவிடும், அவ்வளவுதான். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நனைத்து ஜல்லிமேல் வைத்துப் பாருங்கள்: சொட்டுவது நின்ற பிறகும் அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும்.

அப்படியானால் முழு உயரத்துக்கும் மண் வாங்கினால் கட்டுப்படியாகுமா? நியாயமான கேள்விதான், பழைய செங்கல்லை அடுக்கிச் சுவரை முடித்துவிடலாம், மண்ணுக்குத்தான் பணம் போகும். ஆனால் தரையில் கட்டும் பாத்திக்கு உயரம் அவ்வளவு தேவையில்லை. கீழ்மண்ணைக் கடப்பாரையால் நெகிழ்த்திவிட்டால் வேர் அதற்குள்ளும் இறங்கும். கீரைக்கு முக்கால் அடி மேடு தாராளம். இன்னும் உயர்த்த வேண்டுமென்றால் அடியில் காய்ந்த தென்னை மட்டை, சருகு போடலாம். மக்கும்போது அவை தழைச்சத்தை இழுத்துக்கொள்ளாதா? இழுக்கும், ஆனால் பெரும்பாலும் தம்மைத் தொட்டிருக்கும் மண்ணிலிருந்து மட்டும். மேலே மக்கிய எரு கலந்த மண் இருந்தால் பயிர் வாடாது. பாத்தி அமுங்கும், ஆண்டுதோறும் எரு போட்டு நிரப்ப வேண்டும். மொட்டைமாடியில் கணக்கே வேறு: ஈர மண் ஒரு கன அடி ஏறக்குறைய 50 கிலோ, 4 அடிக்கு 4 அடி, ஓரடி ஆழம் என்றால் தளத்தின்மேல் 800 கிலோ.