சளியா, அலர்ஜியா? வீட்டுக் குட்டீஸின் தொடர் தும்மல்

ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் நிறைய வீடுகளில் காலை அலாரமே குழந்தையோட தும்மல்தான். ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா ஏழெட்டு. "மழையில நனைஞ்சிருப்பான், சளி பிடிச்சிருக்கு" என்று பாட்டி சொல்வாங்க. போன தடவை வாங்கின சிரப் பாட்டில் வெளியே வரும். ஆனா வருஷா வருஷம் அதே சீசனில், காய்ச்சலே இல்லாமல், வாரக்கணக்கில் தும்மல் நீடித்தால் அது அலர்ஜியாக இருக்கலாம்.

உள்ளே என்ன நடக்குது?

நம்ம பாஷையில் சொன்னால், சென்சார் த்ரெஷோல்டு தப்பா செட் ஆன ஃபயர் அலாரம். தூசியில் இருக்கும் ஒரு சாதாரண புரதத்தை உடம்பு எதிரி என்று பதிவு செய்து, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அது மூக்கில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் போய் உட்கார்ந்து காத்திருக்கும். அடுத்த முறை அதே புரதம் வந்ததும் அந்த செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். அரிப்பு, தும்மல், மூக்கில் தண்ணீர் எல்லாம் அதோட வேலை. 'அலர்ஜி' என்ற சொல்லையே 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே.

எப்படி கண்டுபிடிக்கிறது?

சாதாரண சளி வைரஸால் வருவது. பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் அடங்கிடும். காய்ச்சல், உடம்பு வலி கூட வரலாம். அலர்ஜியில் காய்ச்சல் இருக்காது. மூக்கிலிருந்து வருவது தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், கண்ணும் மூக்கும் அரிக்கும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்ச்சுக்கிட்டே இருப்பதும், கண்ணுக்குக் கீழே கருமையும் நல்ல க்ளூ. ரெண்டுக்குமே ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

மழைக்காலத்தில் ஏன்?

ஒரு முக்கிய காரணம் டஸ்ட் மைட். சுமார் 0.3 மி.மீ. நீளமுள்ள பூச்சி. நம்ம தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதோட சாப்பாடு. தண்ணீரைக் காற்றின் ஈரப்பதத்திலிருந்தே எடுத்துக்கும். அதனால் மழைக்காலம் அதுக்கு ஜாலி. தலையணை, மெத்தை, துணி பொம்மையில் குடியிருக்கும். அது கடிக்காது, அதோட கழிவில் உள்ள புரதம்தான் பிரச்சினை. கூடவே ஈரச் சுவரில் பூக்கும் பூஞ்சையும் சேரும்.

வீட்டில் செய்யக்கூடியவை

• பெட்ஷீட், தலையணை உறையை வாரம் ஒருமுறை 55–60 டிகிரி வெந்நீரில் துவைங்க. வெயில் வரும்போது நல்லா காய வைங்க.
• துணி பொம்மைகளைக் கட்டிலில் இருந்து எடுத்துடுங்க.
• பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத்துணியால் துடைங்க, குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.
• கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை மூக்கை இன்னும் எரிச்சலாக்கும்.
• குழந்தைக்குக் கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைக்காதீங்க, சூடுபட்டுடும்.

மருந்து விஷயம்

குளோர்பெனிரமைன் மாதிரி பழைய மருந்துகள் தூக்கத்தை வரவழைக்கும். குழந்தை தூங்கிட்டான் என்பதற்காக அலர்ஜி சரியாயிடுச்சு என்று அர்த்தம் இல்லை. மறுநாள் கிளாஸில் மந்தமா இருப்பான். செட்டிரிசின், லொராட்டடின் போன்றவற்றில் இது குறைவு. குளோர்பெனிரமைனும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவுறுத்தியது. வீட்டில் இருக்கும் பாட்டில் லேபிளை இன்னைக்கே படிங்க. டோஸ் வயதையும் எடையையும் பொறுத்தது, அதை டாக்டர்தான் சொல்லணும்.

அலர்ஜி தொடர்ந்தால் டாக்டர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே எழுதலாம். பெயரைக் கேட்டுப் பயப்படாதீங்க, அளவு மிகக் குறைவு. முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். "ஒரு நாள் அடிச்சோம், வேலை செய்யல" என்று நிறுத்தக்கூடாது. தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, நுனியை நடுச்சுவர் பக்கம் இல்லாமல் காது பக்கம் திருப்பி அடிக்கணும்.

எப்போ உடனே ஓடணும்?

அலர்ஜி இருக்கும் குழந்தைகளில் பலருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்தே வரும். ராத்திரி இருமல், மூச்சில் விசில் சத்தம் இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்க. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்வாங்கினாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அக்கா பையனோ சித்தி பொண்ணோ மூக்கைத் தேய்ச்சுக்கிட்டு நின்றால், எந்த மாசம், எந்த நேரம், எந்த அறை என்று ரெண்டு வாரம் குறிச்சு வைக்கச் சொல்லுங்க. டாக்டருக்கு அந்த டேட்டா ரொம்ப உதவும்.