கரையில் நிற்கும் கப்பலின் புகை

ஜொகூரின் தென்மேற்கு மூலையில், பூலாய் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகத்துக்கு வந்துசேரும் கொள்கலன் கப்பல், கரையோடு கட்டப்பட்ட பின்னும் ஓய்வு கொள்வதில்லை. பிரதான இயந்திரம் நின்றுவிடுகிறது. ஆனால் விளக்குகளுக்கும், பம்புகளுக்கும், மீனும் இறைச்சியும் அடைத்த குளிர்பதனப் பெட்டிகளுக்கும் வேண்டிய மின்சாரத்தைத் தரும்பொருட்டுத் துணை இயந்திரங்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. காற்று நிலத்தை நோக்கி வீசும்போது அந்தப் புகைக்கு முதலில் எதிர்ப்படுபவை தஞ்சோங் கூப்பாங் வட்டாரத்து மீனவக் கிராமங்களும், அவற்றுக்கப்பால் கெலாங் பாத்தாவுமே.

கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை, 2020 ஜனவரி முதல் 0.5 சதவீதமாகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு குறைத்தது பெரிய சீர்திருத்தந்தான். எனினும் மலேசியாவில் 2021 முதல் சாலை வாகனங்களுக்கு விற்கப்படும் யூரோ 5 டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கலாகாது. கப்பலுக்கோ இன்றும் 5,000 பங்கு வரை அனுமதி உண்டு. லோரிக்காரருக்கு ஒரு நீதி, கப்பல்காரருக்கு அதைவிட ஐந்நூறு மடங்கு தாராளமான நீதி! கந்தக டை ஆக்ஸைடு மூச்சுக்குழாயை உறுத்துகிறது, 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களோ நுரையீரலின் ஆழத்துக்கு இறங்கி, இரத்தத்திலும் கலந்து, இருதய வியாதிகளுக்கு வித்திடுகின்றன.

ஜொகூரின் துறைமுகங்கள் யாவும் ஒரே ஜாதியல்ல என்பதையும் கவனிக்கவேண்டும். 1977-இல் தொடங்கிய பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெயும் உரமும் இரும்பும் லோரிகளில் வந்து போவதால், துறைமுகப் புகை தொழிற்சாலைப் புகையோடும் சாலைப் புகையோடும் கலந்துவிடுகிறது. அங்கே பழைய லோரிகளை விலக்குவதும் ஒரு பரிகாரம். பெலெபாஸிலோ பெரும்பாலான பெட்டிகள் ஒரு கப்பலிலிருந்து இறங்கி மறு கப்பலில் ஏறுபவை. சாலையைத் தொடுவதே இல்லை. ஆகவே அங்கே குற்றவாளி கப்பலும், பெட்டிகளை அடுக்கும் டீசல் பாரந்தூக்கிகளும்.

பாரந்தூக்கிகளை மின்சாரத்தில் ஓட்டலாம். கப்பலுக்கும் வழி உண்டு: கரையிலிருந்து கம்பி கொடுத்து, அதன் துணை இயந்திரங்களை அணைத்துவிடுவது. கலிபோர்னியா 2014 முதலே இதனைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியத் துறைமுகங்களில் கொள்கலன் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் 2030-இல் இந்த நிர்ப்பந்தம் வருகிறது. ஆனால் பெலெபாஸுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் நிற்பது தஞ்சோங் பின் அனல்மின் நிலையம், எரிப்பது நிலக்கரி! கப்பலின் புகையை நிலையத்தின் புகையாக மாற்றுவதுதானா என்று கேட்பவர்களை நான் குறைகூற மாட்டேன். எனினும் தூசு வடிகட்டியும் உயர்ந்த புகைபோக்கியும் உடைய நிலையத்தைக் கண்காணிப்பது, நாள்தோறும் மாறும் கப்பல்களைக் கண்காணிப்பதைவிட எளிது.

இடத்தை மாற்றுவது மாத்திரம் பரிகாரமாகாது என்பதற்குச் சென்னையே சாட்சி. ராயபுரம் வாசிகளின் துன்பத்தைக் கருதி, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011-இல் சென்னைத் துறைமுகத்து நிலக்கரி எண்ணூருக்குப் போயிற்று. அங்கும் ஜனங்கள்தாம் வசிக்கிறார்கள்.

கரை மின்சாரத்துக்கு உண்மையான தடை வியாபாரப் போட்டியே. 2000-இல் மார்ஸ்க் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரை விட்டுப் பெலெபாஸுக்கு மாறியதே செலவுக் கணக்கினால்தான். எதிரே சிங்கப்பூர்க் கரையிலோ, 2040-களில் ஆண்டுக்கு ஆறரைக் கோடி கொள்கலன் அலகுகளைக் கையாளவிருக்கும் துவாஸ் துறைமுகம் வளர்ந்துவருகிறது. இந்நிலையில் ஒரு கரை மட்டும் கண்டிப்புக் காட்டத் துணியாது. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு அரசாங்கங்களும், கரை மின்சாரத்தை இரு கரைகளிலும் ஒரே நாளில் கட்டாயமாக்க வேண்டும்.