நீர் குடிக்கும் வள்ளங்கள்

வயலை விட்டுவந்து களப்பில் தொழில் தொடங்குவோர் பழைய கண்ணாடியிழை வள்ளத்தை வெளிப்பூச்சைப் பார்த்தே விலை பேசுகின்றனர். முதலில் நாலுபேராய் ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள் என்போம் நாம். அதேயளவான வேறு வள்ளத்திலும் பாரமாயின், இருக்கைக்குள் அடைத்த மிதவை நுரை நீர் குடித்திருக்கலாம்.

நீரேறாத ஒரு கனஅடி நுரை ஏறத்தாழ 27 கிலோ பாரத்தை மிதக்கவைக்கும். வள்ளம் நீரால் நிரம்பினாலும் தாழாதிருப்பது அதனாலேயே.

வலை கொழுவ அறையும் ஆணியின் துளையே நீருக்கு வழி. அதைப் பிசினால் அடையுங்கள். கரையேற்றியதும் அணியத்தை உயர்த்தி, பின்பக்க அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். ஊறிய நுரை இலகுவில் காயாது, வெட்டியெடுத்து மாற்றவேண்டும். றெஜிபோம் மலிவுதான், ஆனால் பெற்றோல் பட்டால் கரையும். வள்ளம் ஒட்டும் பிசினும் அதை அரிக்கும். புதிய நுரையின் கீழே நீரோட இடம் விடுங்கள்.